அப்பாவின் பெரிய கமராவை விற்பதற்கு முன்

சென்ற மாதம் வானொலியில் நான் பேசிய விடயத்தை, நேரம் போதாமல் விட்டுப்போனவற்றையும் சேர்த்து எழுதித் தரும்படி நிலையத்தார் கேட்டார்கள். வீட்டில் கிடக்கும் பழைய பெரிய பிலிம் கமராவையும் அதன் சாமான்களையும் எப்படி விற்பது என்பதுதான் விடயம். "எங்கட வீட்டில அப்படி ஒன்றும் இல்லையே" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்ட முன்னர், உங்கள் கெல்லரை ஒருக்கால் நினைத்துப் பாருங்கள்.

ஊரில் ஸ்ரூடியோ வைத்திருந்தவர்களும், அங்கே நின்று தொழில் பழகியவர்களும் எங்களுக்குள் பலர். இங்கே வந்து உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவினாலும், கையில் கொஞ்சக் காசு சேர்ந்ததும் அவர்களில் சிலர் முதலில் வாங்கியது கமராதான். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு சுவிசின் விளம்பரப்பட ஸ்ரூடியோக்கள் ஒவ்வொன்றாக டிஜிட்டலுக்கு மாறின. பல ஆயிரம் பிராங் கொடுத்து வாங்கிய பெரிய கமராக்களைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டன. அப்படியான ஒரு ஸ்ரூடியோவில் பதினாறு வருடம் உதவியாளனாக நின்றவன் நான். எங்கள் ஆட்கள் வந்து ஆசையோடு பார்த்துப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு போனதைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். சிலர் காலமாகிவிட்டார்கள். பெட்டி மட்டும் கெல்லரில் இருக்கிறது. அதற்குள் இருப்பது என்னவென்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

பெரிய கமரா என்று நான் சொல்வது உருவத்தை மட்டும் வைத்தல்ல. அதில் போடும் பிலிம் பெரியது. நாங்கள் எல்லோரும் பாவித்த 35 மில்லிமீற்றர் றோலில் ஒரு படத்தின் அளவு 24க்கு 36 மில்லிமீற்றர். பெரிய கமராவுக்கு றோல் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தனித்தாள் பிலிம் போடவேண்டும். பெரும்பாலும் அது 4க்கு 5 அங்குலம், ஒரு அஞ்சலட்டையிலும் சற்றுச் சிறியது. பரப்பளவில் பார்த்தால் 35 மில்லிமீற்றர் படத்தைப்போல் சுமார் 15 மடங்கு. 8க்கு 10 அங்குலத் தாள் போடும் கமராக்களும் உண்டு. முன்னால் லென்ஸ் பொருத்திய ஒரு சட்டம், பின்னால் மங்கல் கண்ணாடி பொருத்திய இன்னொரு சட்டம், இரண்டுக்கும் நடுவில் மடிப்பு மடிப்பான கறுப்புத் துருத்தி, இவற்றைத் தாங்க ஒரு நீளத் தண்டு. கமரா என்பது இவ்வளவும்தான். மின்கலம் கிடையாது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் முன்னால் நிற்பவர் தலைகீழாகத் தெரிவார். யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோக்களில் "அசையாதேங்கோ" என்று சொல்லிவிட்டு எடுத்தார்களே, அந்த மரக் கமராவும் இதே இனந்தான். அதில் எடுத்த நெகற்றிவில் கூரான பென்சிலால் தீற்றி முகத்துப் பருவை மறைத்த கைகள், இங்கே உலோகத்தில் செய்த அதே கமராவைக் கண்டதும் விடமுடியாமல் வாங்கியதில் வியப்பில்லை.

இந்தக் கமராவின் முன்சட்டத்தையும் பின்சட்டத்தையும் தனித்தனியே உயர்த்தலாம், சரிக்கலாம், திருப்பலாம். சாதாரணக் கமராவை நிமிர்த்திக் கோயில் கோபுரத்தை எடுத்தால் மேற்பகுதி ஒடுங்கிப் பின்னால் சாய்ந்ததுபோல் இருக்கும். இதில் கமராவை நிமிர்த்தாமல் லென்ஸை மட்டும் மேலே உயர்த்தினால் கோபுரம் நேராக நிற்கும். கட்டடம் எடுப்பவர்கள் இதைத் தேடுவது அதற்காகத்தான். கலைக்கல்லூரி மாணவர்களும் வீட்டில் இருட்டறை வைத்திருப்பவர்களும் இன்றும் வாங்குகிறார்கள். இங்கிலாந்தின் இல்போர்ட், அமெரிக்காவின் கொடாக், செக் நாட்டின் போமா ஆகியவை தாள் பிலிம் செய்வதை நிறுத்தவில்லை. பிலிம் கிடைக்கும்வரை கமராவுக்கும் விலை இருக்கும். தங்கத்தின் விலையை எதிர்பார்க்காதீர்கள். அதற்காகப் புறொக்கன்ஹவுசில் கொண்டுபோய்ச் சும்மா கொடுக்கும் பொருளும் அல்ல.

விலை, விளம்பரம் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. பெட்டிக்குள் கறுப்பு நிறத்தில், ஒரு கொப்பியின் பாதி அளவில், தட்டையான சட்டங்கள் பல இருக்கும். பிலிம் ஹோல்டர் என்பது அதுதான். இரண்டு பக்கமும் ஒவ்வொரு தாள் பிலிம் போடலாம். ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு மெல்லிய தகடு மூடியிருக்கும். அந்தத் தகட்டை இழுத்துப் பார்க்காதீர்கள். பிள்ளைகளையும் இழுக்க விடாதீர்கள். உள்ளே பிலிம் இருந்தால், கண் இமைக்கும் நேர வெளிச்சம் போதும், எல்லாம் போய்விடும்.

தகட்டின் கைபிடி ஒரு பக்கம் வெள்ளையாகவோ வெள்ளி நிறமாகவோ இருக்கும், மற்றப் பக்கம் கறுப்பு. வெள்ளை வெளியே தெரிந்தால் உள்ளே இருப்பது படம் எடுக்காத பிலிம், கறுப்பு வெளியே தெரிந்தால் படம் எடுத்தாகிவிட்டது. இது எல்லா நாட்டுப் படப்பிடிப்பாளர்களுக்கும் பொதுவான வழக்கம். வெறும் ஹோல்டரைச் சிலர் எப்படியும் வைத்திருப்பார்கள் என்பதால் நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கவும் கூடாது. முழு இருட்டில் தகட்டைக் கொஞ்சம் இழுத்து, விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தால் பிலிம் இருப்பது தெரிந்துவிடும். பிலிமின் ஒரு மூலையில் சிறிய வெட்டுகள் இருக்கும், அவை இன்ன வகைப் பிலிம் என்று இருட்டில் விரலுக்குச் சொல்வதற்காக வைத்தவை. இதைப் பழக்கம் உள்ள ஒருவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சென்ற வருடம் நடந்த ஒரு விடயந்தான். எங்கள் நகரத்தில் ஒரு அக்கா தொலைபேசி எடுத்தார். கணவர் காலமாகி ஒன்றரை வருடம். ஊரில் ஸ்ரூடியோ வைத்திருந்தவர், இங்கே சலவைத் தொழிற்சாலையில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தவர். சிறிய வீட்டுக்கு மாறவேண்டும், கெல்லரை ஒதுக்கவேண்டும். "தம்பி, அவற்ற கமராவை ஒருத்தர் வந்து பார்த்தவர். எல்லாத்தையும் சேர்த்து நூற்றைம்பது பிராங் தாறாராம். நாளைக்கு வந்து ஏத்துறன் எண்டவர். குடுக்கட்டோ?" என்று கேட்டார். "அக்கா, நாளைக்கு வேண்டாம். நான் ஞாயிற்றுக்கிழமை வாறன்" என்றேன்.

போய்ப் பார்த்தேன். சினார் கமரா, இரண்டு லென்ஸ், முக்காலி, வெளிச்சமானி, ஹோல்டர் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டில் ஆறு ஹோல்டர்களின் இரண்டு பக்கத்திலும் கறுப்பு வெளியே தெரிந்தது. ஹோல்டரின் மேல் விளிம்பில் பென்சிலால் எழுதுவதற்கென்று ஒரு வெள்ளைக் கீற்று இருக்கும். அதில் அவருடைய கையெழுத்தில் "எச்.பி.5" என்றும், 2006 என்றும், மாதமும் இருந்தது. எடுத்தவர் கழுவாமல் வைத்துவிட்டார். அந்த வருடந்தான் அவருக்கு முதல் தடவை நெஞ்சுவருத்தம் வந்ததென்று அக்கா சொன்னார்.

கறுப்பு வெள்ளைப் பிலிமில் விழுந்த படம் பல வருடம் தாங்கும், மெல்ல மெல்ல மங்கினாலும். குளியலறைக் கதவிடுக்கைத் துணியால் அடைத்து, முழு இருட்டில் முதலில் இரண்டு தாளை மட்டும் கழுவினேன். உருவம் இருந்தது, ஆனால் மெலிவு. மற்றவற்றை மருந்தில் கூடுதலாகச் சில நிமிடம் விட்டேன். பன்னிரண்டில் மூன்று முழுக்கப் புகைமூட்டம், இரண்டு வெறுமை. ஏழு தேறின. ஏழும் தனித்தனி ஆட்கள், எல்லோரும் வயது போனவர்கள். கதிரையில் இருத்தி, சன்னல் வெளிச்சத்தில் எடுத்திருக்கிறார். எங்கள் நகரத்துப் பெரியவர்களை ஒவ்வொருவராக எடுத்து வைக்கவேண்டும் என்று ஒருகாலம் சொல்லிக்கொண்டு திரிந்தவர்தான் என்று அக்காவுக்கு அப்போது நினைவு வந்தது.

நேயர்களே, எங்கள் வானொலியில் மரண அறிவித்தல் கேட்கிறீர்கள். முப்பத்தோராம் நாள் கல்வெட்டும் உங்கள் வீடுகளுக்கு வருகிறது. அதில் போடும் படத்தை ஒருக்கால் உற்றுப் பாருங்கள். எத்தனை கல்வெட்டில் வதிவிட அனுமதி அட்டையின் படத்தைப் பெருப்பித்துப் போட்டிருக்கிறார்கள்? பயந்த முகமும் மங்கிய கண்ணுமாக. ஊரில் இருந்த படங்கள் 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு ஓடியபோதே வீடுகளோடு போய்விட்டன. அதற்கு முன்னரும் பின்னரும் வேறு வேறு ஊர்களில் இதே கதை. ஸ்ரூடியோக்கள் கட்டுக் கட்டாக வைத்திருந்த நெகற்றிவும் அப்படியே போனது. அந்த ஏழு படங்களில் இருந்த ஒரு அம்மாவின் கல்வெட்டு என்னிடம் இருந்தது. அட்டைப்படம் பெருப்பித்த கல்வெட்டு. அவருடைய மகளுக்கு இந்தப் படத்தின் பிரதி ஒன்றைப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தோம். நூற்றைம்பது பிராங்குக்கு ஏற்ற வந்தவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் வீட்டுக்குப் போய் ஹோல்டர் நல்லதோ என்று பார்க்கத் தகட்டை இழுத்திருப்பார், யாரும் இழுப்பார்கள்.

ஆகவே பிலிம், நெகற்றிவ், கடித உறைகள், பென்சில் குறிப்புள்ள கொப்பிகள் எல்லாவற்றையும் முதலில் பிரித்துத் தனியே வையுங்கள். அவை விற்பனைக்கு இல்லை. பழைய நெகற்றிவ் பெட்டியைத் திறக்கும்போது வினாகிரி மணம் அடித்தால், அந்தப் பிலிம் உக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அவற்றை மற்றவற்றோடு சேர்த்து வைக்காமல், தாமதிக்காமல் ஸ்கான் செய்துவிடுங்கள். ஈரக் கெல்லரிலிருந்து எடுத்துக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

இனிச் சாமான்களுக்கு வருவோம். விலையின் பெரும்பங்கு கமராவில் இல்லை, லென்ஸில் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. பெரிய கமராவில் லென்ஸ் ஒரு சதுரப் பலகையில் பொருத்தியிருக்கும், சினார் என்றால் பலகை 14 சென்ரிமீற்றர் சதுரம். பின்பக்க வளையத்தைக் கழற்றினால் லென்ஸ் தனியே வந்துவிடும், வேறு எந்தக் கம்பனியின் பெரிய கமராவிலும் அதற்குரிய பலகையில் போடலாம். எனவே உங்கள் கமராவை வேண்டாதவரும் உங்கள் லென்ஸை வாங்குவார். லென்ஸின் முன் வளையத்தில் பெயரும் எண்ணும் பொறித்திருக்கும். ஷ்னைடர், ரோடன்ஸ்ரொக், நிக்கொன், பூஜினொன் என்பன அடிக்கடி காணும் பெயர்கள். அதோடு 90, 150, 210, 300 என்று குவியத்தூரம் மில்லிமீற்றரில் இருக்கும். 4க்கு 5 அங்குலக் கமராவுக்கு 150 என்பது சாதாரணப் பார்வை, 90 என்பது அகலப் பார்வை. இந்த எழுத்துக்களை ஒன்றும் விடாமல் எழுதி வையுங்கள், தொடர் இலக்கத்தையும் சேர்த்து. ஷ்னைடர் லென்ஸ் என்றால் அந்த இலக்கத்தைக் கொண்டு செய்த ஆண்டைக் கண்டுபிடிக்கலாம்.

லென்ஸைச் சோதிக்க ஒரு ரோர்ச் போதும். ஷட்டரைத் திறந்து வைத்து, பின்னாலிருந்து வெளிச்சத்தைச் சரிவாக அடித்து முன்னால் பாருங்கள். சிலந்திவலைபோல் நூல் நூலாகக் கிளைத்திருந்தால் பூஞ்சணம். பால்போல மூடாப்பாக இருந்தால் உள்ளே படிவு. விளிம்பில் வானவில் நிறம் தெரிந்தால் இரண்டு கண்ணாடியை ஒட்டிய பசை விலகத் தொடங்கியிருக்கிறது. இவை மூன்றும் விலையைக் குறைக்கும். ஷ்னைடர் லென்ஸ்களின் உள்விளிம்பில் சிறு சிறு வெள்ளைப் புள்ளிகள் இருக்கும், பயப்படவேண்டாம், அது உட்புறக் கறுப்பு மை விடுவது, படத்தை அநேகமாகப் பாதிப்பதில்லை. இருந்தாலும் விளம்பரத்தில் சொல்லிவிடுங்கள். தூசி இல்லாத பழைய லென்ஸ் கிடையாது. சட்டைத் துணியால் துடைக்கவே கூடாது.

ஷட்டர் லென்ஸோடு சேர்ந்தே இருக்கும், கொப்பால் அல்லது கொம்பூர் என்று பெயர் தெரியும். ஒரு சின்ன நெம்பை இழுத்து வைத்து, இன்னொன்றை அமத்தினால் ஓடும். ஒரு விநாடியில் வைத்துக் காதைக் கொடுத்துக் கேளுங்கள், தொலைபேசியில் பதிந்தால் இன்னும் நல்லது. கனகாலம் சும்மா கிடந்த ஷட்டரில் எண்ணெய் இறுகி, ஒரு விநாடி ஒன்றரை விநாடியாக இழுபடும். சிலவேளை பாதியில் நின்றுவிடும். பத்துப் பதினைந்து முறை ஓட்டினால் சில சரியாகும். சரியாகாவிட்டால் அப்படியே எழுதி விற்கவேண்டியதுதான், திருத்துபவர்கள் இருக்கிறார்கள். தையல் மெசின் எண்ணெய் விடுகிற வேலை மட்டும் வேண்டாம். பழைய கொம்பூர் ஷட்டர்களில் உச்ச வேகத்தை நெம்பு இழுப்பதற்கு முன்பே வைத்துக்கொள்ளவேண்டும், இழுத்த பிறகு பலவந்தமாகத் திருப்பினால் பழுதாகும்.

துருத்தியை விரித்து, இருட்டறையில் உள்ளே ரோர்ச்சை விட்டுப் பாருங்கள். வெளியே நட்சத்திரம்போல் புள்ளி தெரிந்தால் ஓட்டை. மூலைகளில்தான் கூட வரும். ஒன்றிரண்டு என்றால் கறுப்பு ரேப்பால் ஒட்டலாம், ஆனால் ஒட்டிவிட்டு ஒட்டவில்லை என்று சொல்லக்கூடாது. மங்கல் கண்ணாடி வெடித்திருக்கிறதா, திருகாணிகள் வழுக்காமல் பிடிக்கின்றனவா, தண்டில் சட்டங்கள் சீராக ஓடுகின்றனவா என்று பாருங்கள். சினார் என்றால் பி, எப் என்று வகைகள் உண்டு. பி பாரமானது, பல்சக்கரத்தால் நுணுக்கமாகத் திருப்பும் ஸ்ரூடியோக் கமரா. எப் இலகுவானது, காவிக்கொண்டு திரியலாம். பாரம் தூக்க யாரும் விரும்பாததால், புதிதாக எவ்வளவு விலை விற்றது என்பதை வைத்து இன்றைய விலையைக் கணிக்கமுடியாது. சாவ்ஹவுசன் நகரத்துப் படப்பிடிப்பாளர் கார்ல் கோக் 1940களின் கடைசியில் உருவாக்கிய கமரா இது. அன்றிலிருந்து பகுதிகளை ஒன்றோடொன்று மாற்றிப் பொருத்தும் முறையில் செய்யப்பட்டு வந்ததால், உதிரியாக ஒரு தண்டு, ஒரு பலகை இருந்தாலும் எறியாதீர்கள். அதைத் தேடுபவர் இருப்பார்.

மற்றவை சில்லறை. வெறும் ஹோல்டர்கள் நன்றாக விற்கும், ஏனென்றால் புதியவை விலை. பொலரொயிட் படமெடுக்கும் பின்பெட்டிகளுக்குப் பெறுமதி குறைவு. பொலரொயிட் கம்பனி 2008இல் அந்தப் பிலிமைக் கைவிட்டது, பூஜி செய்துவந்த அதே மாதிரிப் பிலிம் 2016இல் நின்றது. பழைய வெளிச்சமானிகள் சில பாதரச மின்கலத்தில் ஓடியவை, அந்த மின்கலம் இப்போது விற்பனையில் இல்லை. கனத்த முக்காலியை நேரே வந்து எடுப்பவருக்கு விற்பதே புத்தி.

விலை எப்படி வைப்பது? இணையத்தில் ஆட்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஆசைக்கு யாரும் எதையும் கேட்கலாம். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி தேடலாம், அந்த விலைதான் உண்மை. சுவிசுக்குள் ரிக்கார்டோவில் விற்கலாம். ஜேர்மன் மொழியில் குறோஸ்போர்மாட் என்றும் பாக்கமரா என்றும் எழுதினால்தான் தேடுபவர் கண்ணில் படும், பழைய கமரா என்று மட்டும் எழுதினால் விளையாட்டுச் சாமானோடு சேர்ந்துவிடும். பிரான்சில் இருக்கும் நேயர்களுக்கு, பாரிசுக்கு அருகே பியேவ்ர் என்ற ஊரில் 1964இலிருந்து நடந்துவரும் புகைப்படச் சந்தையைச் சொல்லலாம். கடைக்காரரிடம் கொடுத்தால் ஒரே நாளில் முடியும், ஆனால் அவர் வாங்கி விற்று வாழவேண்டியவர், விற்கும் விலையில் பாதியைத் தந்தாலே நல்ல மனிதர்.

முழுதாக விற்பதா, பிரித்து விற்பதா என்று அக்காவின் மகன் கேட்டார். பிரித்தால் காசு கூட, அலைச்சலும் கூட. எனக்கு நேரம் இருந்ததால் பிரித்தோம். 150 லென்ஸ் 180 பிராங், 90 லென்ஸ் 240, கமரா உடம்பும் தண்டும் கண்ணாடியும் 260, ஹோல்டர் 11 சேர்த்து 165, முக்காலி 70, வெளிச்சமானி 30. மொத்தம் 945 பிராங். தளத்தின் கழிவும் தபால் செலவும் போக 850ஐ அண்டிக் கையில் வந்தது. மூன்று மாதம் எடுத்தது. இது எங்கள் கணக்கு, உங்களுக்கு அப்படியே வரும் என்று எழுதித் தரமாட்டேன். பன்னிரண்டாவது ஹோல்டரை அக்கா கொடுக்கவில்லை, அவருடைய கையெழுத்து இருக்கிறதாம்.

விளம்பரத்தில் படங்கள் நிறையப் போடுங்கள். லென்ஸின் முன்புறம், பின்புறம், ரோர்ச் அடித்த படம், துருத்தியின் மூலைகள், கீறல்கள். குறையைக் கிட்டவைத்து எடுங்கள். சுவிஸ் கடப்பாட்டுச் சட்டத்தின்படி, பழைய பொருளை விற்கும் தனியாள் உத்தரவாதம் இல்லை என்று எழுதித் தன் பொறுப்பை விலக்கிக்கொள்ளலாம். ஆனால் அதே சட்டத்தின் 199ஆம் பிரிவு, தெரிந்த குறையை வேண்டுமென்றே மறைத்திருந்தால் அந்த வாசகம் செல்லாது என்கிறது. சோதித்துப் பார்க்கத் தெரியாததை "சோதிக்கவில்லை" என்றே எழுதுங்கள். வாங்குபவர்கள் இதைக் கண்டு ஓடிவிடுவதில்லை. குறையை நீங்களே சொல்லிவிட்டால், மற்றவற்றில் நீங்கள் சொல்வதையும் நம்புகிறார்கள்.

இன்னொன்று. இறந்தவரின் சாமான் என்றால் அது அவருடைய வாரிசுகள் எல்லோருக்கும் பொது. இங்கே இருக்கும் மகன் விற்றுவிட்டு, கனடாவில் இருக்கும் மகளுக்குப் பிறகு சொல்வது சட்டத்துக்கும் பொருந்தாது, குடும்பத்துக்கும் ஆகாது. ஒரு சின்ன மின்னஞ்சலில் எல்லோரும் சம்மதம் எழுதினால் போதும். தனியாள் தன் பாவித்த வீட்டுச் சாமானை விற்று வரும் இலாபத்துக்கு இங்கே வருமான வரி இல்லை. வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்தால் கதை வேறு. சோசியல் உதவி பெறும் குடும்பம் என்றால் வந்த காசை அலுவலகத்துக்கு அறிவியுங்கள், பிறகு வங்கிக்கணக்கில் கண்டுபிடித்துக் கேட்பதிலும் அது மேல்.

மோசடி பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனென்றால் விற்பவர் பலர் வயதானவர்கள். விளம்பரம் போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு செய்தி வரும். விலை கேட்கமாட்டார், லென்ஸைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கமாட்டார், "உடனே வாங்குகிறேன், கூரியர் அனுப்புகிறேன்" என்பார். பிறகு ஒரு இணைப்பு வரும், காசைப் பெற உங்கள் அட்டை இலக்கத்தைப் பதியுங்கள் என்று. பதிந்தால் உங்கள் காசு போகும். துவிண்டில் காசு பெறுவதற்கு உங்கள் தொலைபேசி இலக்கம் மட்டும் போதும், இணைப்பும் வேண்டாம் இரகசிய இலக்கமும் வேண்டாம். கேட்ட விலைக்கு மேலே காசோலை அனுப்பி மிச்சத்தைத் திருப்பித் தா என்பவரும் அதே கூட்டந்தான். உண்மையில் வாங்க வருபவர் கேள்வி கேட்டு உயிரை வாங்குவார். எங்களிடம் 90 லென்ஸ் வாங்கிய இளைஞர் ஏழு மின்னஞ்சல் எழுதினார்!

அனுப்பும்போது ஷட்டர் இழுத்த நிலையில் இருக்கக்கூடாது, ஓடவிட்டு, சுருளை ஓய்வாக வையுங்கள். லென்ஸுக்கு முன்னும் பின்னும் மூடி போட்டுத் தனிப் பெட்டியில் வையுங்கள். மங்கல் கண்ணாடியைக் கழற்ற முடிந்தால் கழற்றி, இரண்டு பக்கமும் தடித்த மட்டை வைத்துக் கட்டுங்கள். துருத்தியைச் சுருக்கி வையுங்கள். தண்டு பெட்டிக்குள் அசைந்தால் அதுவே மற்றதெல்லாவற்றையும் உடைக்கும். பதிவு இலக்கத்தோடும் காப்புறுதியோடும் அனுப்புங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அனுப்பினால் சுங்கப் படிவத்தில் உண்மையான விலையை எழுதவேண்டும். 2021 யூலையிலிருந்து அங்கே சிறிய தொகைக்கான விலக்கும் எடுக்கப்பட்டுவிட்டது, பாவித்த பொருளாக இருந்தாலும் வாங்குபவர் இறக்குமதி வரி கட்டவேண்டும். அது அவர் பொறுப்பு என்று விளம்பரத்திலேயே எழுதிவிட்டால் பிறகு மனஸ்தாபம் இல்லை.

உங்கள் வீட்டுப் பெட்டியில் இருப்பது என்னவென்று தெரியாவிட்டால், மூடிய நிலையிலேயே வெளியே இருந்து இரண்டு மூன்று படம் எடுத்து நிலையத்துக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். பிலிம் இருக்கிற ஹோல்டர் என்றால் தபாலில் அனுப்பாமல் கையில் கொண்டுவாருங்கள், கழுவித் தருவதற்குக் காசு இல்லை.

அந்த ஏழு படங்களில் ஐந்து பேரை அடையாளம் கண்டு, பிரதிகளைக் குடும்பங்களிடம் சேர்த்துவிட்டோம். இரண்டு பேர் யாரென்று அக்காவுக்கும் தெரியவில்லை. ஒருவர் வெள்ளைத் தலைப்பாகை கட்டி, மூக்குக்கண்ணாடி போட்ட ஐயா. மற்றவர் கையில் சின்னப் பையோடு இருக்கும் அம்மா, நெற்றியில் திருநீறு, இடது கையில் கடிகாரம். 2006 ஆவணியில் எடுத்தவை. இரண்டு பிரதியும் நிலையத்தின் முன்னறையில், அறிவித்தல் பலகைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். சனிக்கிழமைகளில் வருபவர்கள் ஒருக்கால் பார்த்துவிட்டுப் போங்கள்.